ராசியில்லாத கையும் கோட்டை லெவலும்

என் செல்ல அம்மாவுக்கு,

தம்பி திருநகரில் வீடு கட்டி முடித்துவிட்டான். போன வாரம் பால் காய்ச்சினோம். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் உனக்கு வேறொன்று தெரிய வேண்டும். நீ இருக்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தால் ஓடி வந்து சொல்லியிருப்பேன். உன் போன் விளையாட்டின் அந்தக் கோட்டை லெவலில் நீ முட்டாள்தனமாக எதையும் ஆடவில்லை அம்மா.

நீ கல்யாணமாகி வந்த மாதம் தாத்தா மாடிப்படியில் வழுக்கி விழுந்தார். படியில் எண்ணெய் சிந்தியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வந்தவள் ராசி என்று முடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எதையும் முதலில் தொடும் உரிமை உனக்கு இல்லை. பொங்கலுக்கு அரிசி களைவது நீ, பானையில் முதல் கை போடுவது அத்தை. அப்பாவின் தங்கைக்குத்தான் கைராசியாம். நம் கடைக்குப் புதுச் சரக்கு வந்தாலும் மூட்டையைப் பிரிக்க அவளுக்குத்தான் ஆள் போகும்.

அதனால்தான் போனில் அந்தக் கட்ட விளையாட்டு உனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. கீழே மூன்று மூன்றாக வண்ணத் துண்டுகள் வரும். அவற்றைக் கட்டங்களில் பொருத்த வேண்டும், வரிசை நிரம்பினால் மறைந்துவிடும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். "இதுல ராசி கீசி ஒண்ணும் கெடையாதுடி. மூளை இருந்தாப் போதும்" என்பாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த மிடுக்கை வேறெந்த நாளிலும் நான் பார்த்ததில்லை. எங்களில் யாராலும் தாண்ட முடியாத லெவல்களையெல்லாம் நீ சர்வசாதாரணமாகத் தாண்டினாய்.

பிறகு கோட்டைப் படம் போட்ட அந்த லெவல் வந்தது. வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினாய். தீபாவளிக்கு வந்த அத்தை முறுக்கைக் கடித்துக்கொண்டே, "குடு மதினி இப்படி, என் கை பட்டாத் தொலங்கும்" என்றாள். நீ கொடுக்கவில்லை. அவளிடம் நீ முடியாது என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அப்பாதான் உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி அவளிடம் நீட்டினார்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. வந்த துண்டையெல்லாம் கண்ட இடத்தில் வைத்தாள். கோட்டை திறந்துகொண்டது. வீடே சிரித்தது, அப்பாவும்தான்.

அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நீ சொன்னாய்: "ராசியும் இல்ல, மூளையும் இல்ல. என்னத்துக்குத்தான் பொறந்தேனோ." அதற்குப் பிறகு அந்த விளையாட்டை நீ தொடவில்லை. தை பிறப்பதற்குள் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த நினைப்போடுதானே போனாய்?

பசுமலைப் பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் டீச்சர் சமீபத்தில் அதே விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். உன் கதையைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "அக்கா, அடுத்து என்ன துண்டு வரணும்னு அதுவாக் குலுக்கிப் போடும். சில நேரம் எப்பேர்ப்பட்ட ஆளு ஆடுனாலும் முடியாது. ரொம்பத் தோத்தா ஆளு விட்டுட்டுப் போயிருமேன்னு லேசான துண்டாத் தள்ளிவிடும். அம்மா அம்புட்டு நாள் தோத்ததுக்குத்தான் அது எறங்கி வந்திருக்கு."

கேட்டாயா அம்மா? நீ பாடுபட்டுப் பழுக்க வைத்ததை அத்தை பறித்துத் தின்றிருக்கிறாள்.

விளையாட்டில் அதிர்ஷ்டம் இருப்பது தப்பே இல்லை. தாயம் உருட்டும்போது அது உருட்டல் என்று எல்லோருக்கும் தெரியும். தோற்றவளை மூளையில்லாதவள் என்று யாரும் சொல்வதில்லை. இந்த விளையாட்டைச் செய்தவர்கள் மூளைக்கு வேலை என்று வெளியே எழுதிவைத்துவிட்டு உள்ளே கமுக்கமாகத் தாயம் உருட்டுகிறார்கள். ராசி என்ற பேச்சே இல்லாத இடம் என்று நம்பித்தானே நீ அங்கே போனாய்? அங்கேயும் அதுதான் உட்கார்ந்திருந்தது.

இப்போது தம்பி வீட்டுக்கு வருகிறேன். அவன் மனைவி சுகன்யா வந்த வருஷம் அவன் அலங்காநல்லூர் ரோட்டில் பைக்கிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். நாய் குறுக்கே வந்ததற்கு அவள் என்ன செய்வாள்? ஆனால் அந்தப் பழைய சொல் அவள் தலையில் ஏறிவிட்டது. பால் காய்ச்சும்போது அத்தை அவள் கையிலிருந்த பால் சட்டியை வாங்கிக்கொண்டு, "நீ தள்ளி நில்லுத்தா, நான் ஏத்துறேன்" என்றாள். அது அவள் வீடு. தள்ளித்தான் நின்றாள், உன்னைப் போலவே.

என்னால் முடியவில்லை அம்மா. டீச்சர் சொன்னதையெல்லாம் அத்தனை பேர் நடுவில் போட்டு உடைத்தேன். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஏண்டி, செத்துப்போனவ போன்ல வெளையாண்டத இம்புட்டு நாளா மனசுல வச்சிருந்தியா?" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும், "நல்ல நாளும் அதுவுமா எதுக்குத்தா" என்று தரையைப் பார்த்தார். உனக்காக ஒரு வார்த்தை அப்போதும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

சட்டியைத் திருப்பி வாங்கி சுகன்யா கையில் கொடுத்தேன். அடுப்பை அவளே பற்றவைத்தாள். பால் பொங்கித் தெற்கே வழிந்தது. அத்தை உச்சுக்கொட்டி, "பாத்தியா, தெக்க வழியுது" என்றாள்.

"அடுப்பு அந்தப் பக்கம் சாஞ்சிருக்கு அத்தை" என்றேன்.

சுகன்யா ஒரு அட்டையை மடித்து அடுப்பின் காலுக்கு அடியில் சொருகினாள். பிறகு யாரையும் கேட்காமல் முதல் டம்ளர் பாலைத் தானே ஊற்றிக் குடித்தாள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நான் இருக்கிறவரை அவளை அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு அழ விடமாட்டேன். உனக்கு அப்படி ஒருத்தி வாய்க்கவில்லையே. அன்றைக்கு உன் பின்னால் நின்ற எனக்கும் பதில் தெரியவில்லையே அம்மா.

உன் வயிற்றில் முதலில் பிறந்தவள்,
அமுதா