காலி வீட்டில் இரண்டாம் குரல்

அடியே,

பாச்சை உருண்டை வாசனை நம் இருவரில் உனக்குத்தான் பிடிக்கும். கேசட்டுகளைப் பட்டுப்புடவைக்கு நடுவில் ஒளித்து வைத்த பெண் இந்தத் தாம்பரத்தில் நீ ஒருத்தியாகத்தான் இருந்திருப்பாய். போன வாரம் உன் தம்பி ஒரு கட்டைப் பையோடு வந்து நின்றான். "எங்க அக்கா இதெல்லாம் உங்களுக்குன்னு சொல்லிட்டே இருப்பாங்க. எங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் புரியாது" என்று நீட்டிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான். பையின் வாயைத் திறந்தேன், எல்லாம் உன் கேசட்டுகள். அந்த வாசனை வந்ததும், சத்தியமாகச் சொல்கிறேன், நீ பின்னால் நிற்கிறாய் என்று திரும்பிப் பார்த்தேன். பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

வந்த வேளையும் பார். அதே வாரம்தான் நாம் ரசிகைகளாகப் பின்னால் அலைந்த பேண்டின் வானொலிப் பதிவு வெளியே வந்தது. வருஷக்கணக்காக நீ கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாயே, அதேதான். வானொலி நிலையத்தில் கிடந்த பழைய நாடாக்களை யாரோ புண்ணியவான் தூசி தட்டி, கம்ப்யூட்டரில் ஏற்றி, எல்லாரும் கேட்கும்படி வைத்துவிட்டார். கிடாரும் பறையும் உறுமியும் வைத்துக்கொண்டு அந்த ஐந்து பேரும் ஒலிப்பதிவு அறையில் நேரடியாகப் பாடிய நிகழ்ச்சி, முழுசாக. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பாமல் எட்டு மாதம் ஆன பிறகு. எங்கே போனாலும் எல்லாருக்கும் முன்னால் கிளம்பிவிடுகிற உன் பழக்கத்துக்கு இந்த ஒரு தடவை விதிவிலக்கு வைத்திருக்கலாம்.

அந்த நிகழ்ச்சி முதலில் ஒலிபரப்பான நாள் உனக்கு மறந்திருக்காது. எனக்கு மறைமலை நகர் கம்பெனியில் கணக்கு முடிக்கிற வாரம், லீவு கிடைக்கவில்லை. நீ லீவு போட்டாய். சேலையூர் வீட்டில் உன் அம்மா, அப்பா, தம்பி எல்லாரும் கோவிலம்பாக்கத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். உனக்கு மட்டும் திடீரென்று தலைவலி. நிகழ்ச்சி தொடங்குகிற நேரத்தில் கரண்ட் போனது. நீ டார்ச் லைட்டிலும் பழைய ரேடியோவிலும் இருந்த செல்களை எல்லாம் பிடுங்கி டூ இன் ஒன் டேப் ரெக்கார்டரில் போட்டு, எப்படியோ பதிவு செய்துவிட்டாய். மறுநாள் தாம்பரம் பிளாட்பாரத்தில் கேசட்டைத் தூக்கிக் காட்டியபோது, மகாராணி மாதிரிதான் நின்றாய்.

என் வீட்டு டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டோம். ஏரிப் பாட்டு வந்ததும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கடையில் வாங்கின மேடைக் கச்சேரிக் கேசட்டில் அது ஆற அமரப் போகிற பாட்டு. "ஏரி நிறைஞ்சா ஆள் அனுப்பு" என்று அந்தப் பெண் கனத்த குரலில் பாடுவாள். உன் கேசட்டில் அவள் குரல் உயரத்தில் இருந்தது. சின்னப் பெண் குரல். பாட்டு போகப் போக வேகம் எடுத்தது, சுருதியும் ஏறிக்கொண்டே போனது, கடைசி வரியில் பறையும் உறுமியும் சாமி வந்ததுபோல ஓடின. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சர்ச் பாடகர் குழுவில் பாடிப் பழகிய காது உனக்கு. நீ உடனே தீர்ப்புச் சொன்னாய்.

"பாத்தியாடி? மேடையில பாடறப்போ ஆயிரம் பேர் பாக்கறாங்க. அவ அடக்கிப் பாடுறா. இங்க ரேடியோ ரூம்ல யாரும் இல்ல. பொம்பளைக்குத் தொண்டை திறக்கணும்னா, முதல்ல ரூம் காலியா இருக்கணும்."

"குரல் ஏறுது சரி. கிடார் எப்படிடி கூடவே ஏறும்?" என்று கேட்டேன்.

"ஆவேசத்துல கம்பியை இழுத்துப் பிடிக்கறாங்க. உனக்கு என்ன தெரியும்? தாலாட்டையே அபஸ்வரமாப் பாடுறவ நீ."

உன் கேசட்டிலிருந்து பிரதி, பிரதியிலிருந்து பிரதி என்று பல்லாவரம் முதல் கேளம்பாக்கம் வரை ரசிகர்கள் கையில் அது போயிற்று. கேசட்டோடு உன் தீர்ப்பும் போயிற்று. ஏரிப் பாட்டின் மற்ற பதிவுகளையெல்லாம் உன் கேசட்டோடு ஒப்பிட்டுத்தான் மார்க் போடுவோம். நம் ரசிகர் கூட்டத்தைத் தன் வீட்டு மாடியில் நடத்துகிற, யாருக்கும் பத்துக்கு ஏழுக்கு மேல் தராத ராமநாதன் சார் அதற்கு எட்டு போட்டார். புதிதாக யார் கூட்டத்துக்கு வந்தாலும், "மேடம் ஒண்ணு சொல்லுவாங்க, கேளுங்க" என்று உன்னைக் காட்டுவார். நீ அப்போது மட்டும் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவாய்.

எனக்குத் தெரியும்டி, நீ அந்தப் பாடகியைப் பற்றிப் பேசவில்லை. பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் ஆல்டோ பாடிக்கொண்டே உன் காலம் போயிற்று. மெட்டை மற்றவர்கள் பாடுவார்கள், நீ அதற்குக் கீழே முட்டுக்கொடுக்கிற குரல். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உன்னைத் தனியாகப் பாடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். தொண்டை சரியில்லை என்பாய். ஏன்டி என்று நான் கேட்டால், "ஆளுங்க இருக்காங்கடி" என்பாய். அவ்வளவுதான் உன் விளக்கம். என்னிடம்கூட நீ தனியாக ஒரு வரி பாடியதில்லை.

இந்தச் சனிக்கிழமை காலை பையைத் தூக்கிக்கொண்டு பெருங்களத்தூரில் சார் வீட்டு மாடிக்குப் போனேன். கூட்டம் சுருங்கிவிட்டது. சார், நான், கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற கார்த்தி. பழைய பதிவுகளைச் சுத்தம் செய்வது அந்தப் பையனுக்குப் பொழுதுபோக்கு. உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. யாரும் சொல்லிவைத்துக்கொள்ளவும் இல்லை.

முதலில் வானொலிக் காப்பகத்திலிருந்து வெளிவந்த பதிவைப் போட்டான். துல்லியம் என்றால் அப்படி ஒரு துல்லியம். ஆனால் ஏரிப் பாட்டு வந்தபோது நான் காத்திருந்த குரல் வரவில்லை. கனத்த குரல். நிதானமான நடை. கடைக் கேசட்டில் எப்படியோ அப்படியே. வேகம் எடுக்கவில்லை, சுருதி ஏறவில்லை, சாமியும் வரவில்லை. வேறு ஒரு நாள் பாடியதோ என்று முட்டாள்தனமாகக் கேட்டேன். அறிவிப்பாளரும் அதே ஆள்தான், நடுவில் அவர் தடுமாறிய இடமும் அதேதான்.

கார்த்தி உன் கேசட்டையும் போட்டு ஒப்பிட்டுப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. ரெக்கார்ட் பண்ணும்போது பேட்டரி இறங்கிட்டே இருந்திருக்கு. டேப் மெதுவா ஓடியிருக்கு. அதை நல்ல மெஷின்ல போட்டா ஃபாஸ்ட்டாத்தான் கேக்கும், பிட்ச்சும் ஏறும். பேட்டரி சாகச் சாக இன்னும் ஏறும்."

சார் சிரித்தார். "அப்போ இத்தனை வருஷமா நாம பேட்டரிக்கு மார்க் போட்டிருக்கோம்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ரசிகர்களுக்கு ஒரு குறிப்பு எழுதணும்மா. மேடம் சொன்ன அந்தக் கருத்தை வாபஸ் வாங்கிடறதுதான் நியாயம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல. உனக்குப் பிள்ளை குட்டி இல்லை. உன் வீட்டை வாடகைக்கு விட்டாயிற்று. ஊரில் உன் பெயரோடு மிஞ்சியிருந்தது அந்த ஒரு பேச்சுதான். அதையும் நாலு செத்த பேட்டரி தின்றுவிட்டுப் போவதா? "இருக்கட்டும் சார், எங்களுக்கு அதுதான் பாட்டு" என்று கத்தினேன். கத்தும்போதே தெரிந்தது, அது வாதமே இல்லை என்று.

"சரி பண்ணிக் காட்டறேன் ஆன்ட்டி, அப்புறம் நீங்களே சொல்லுங்க" என்று கார்த்தி உன் கேசட்டுப் பதிவின் வேகத்தை இடத்துக்கு இடம் குறைத்துக்கொண்டே வந்தான். உன் சின்னப் பெண் கண்ணெதிரே வளர்ந்து, கனத்து, காப்பகத்துப் பாடகியாகிவிட்டாள். இரண்டும் ஒன்றாகப் பொருந்தின. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன்.

பாட்டு முடிந்தும் அவன் நிறுத்தவில்லை. உன் கேசட்டில் அதற்குப் பிறகும் ஒரு துண்டு உண்டு. அன்று நாம் கேட்டபோது கீச்சுக் குரலில் ஒரு குழந்தை அதே வரியைப் பாடியது. மெட்டு வேறாக இருந்தது. யாருடி என்றேன். "பக்கத்து வீட்டுப் பாப்பா, எட்டிப் பாத்துச்சு" என்று சொல்லிப் பொத்தானை அழுத்திவிட்டாய். பிரதிகளில் அதை வெட்டிவிட்டுத்தான் கொடுத்தாய். நானும் அதோடு மறந்துபோனேன்.

கார்த்தி அந்தத் துண்டையும் அதே கணக்கில் மெதுவாக்கினான். பாப்பா பெரியவளானாள்.

வாத்தியம் இல்லை. ஒரு பெண் குரல் மட்டும். ஒளிவுமறைவு இல்லாத, நெஞ்சைத் திறந்துவிட்ட குரல். "ஏரி நிறைஞ்சா ஆள் அனுப்பு." சார் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டார். "யாருப்பா இது? பாட்டு முடிஞ்சப்புறம் அந்தப் பொண்ணு மறுபடி பாடிச்சா?" கார்த்தி காப்பகத்துப் பதிவின் கடைசியை ஓட்டிப் பார்த்தான். "ஆர்க்கைவ்ஸ்ல இது இல்ல சார். கட் பண்ணிட்டாங்க போல. ட்யூனே வேற! இது வெளிய யாருமே கேக்காத வெர்ஷன்." இன்னொரு தரம் போடச் சொன்னார் சார். கண்ணை மூடிக் கேட்டார். "ஒன்பது" என்றார். அந்த மாடியில் அந்த எண்ணை நான் கேட்டதே இல்லை.

நான் உட்கார்ந்துவிட்டேன். அது வேறு மெட்டே இல்லைடி. மெட்டுக்குக் கீழே போகிற இரண்டாம் குரல். மேலே பாட ஒருத்தி இருப்பதாக நினைத்துக்கொண்டு, அவளுக்கு முட்டுக்கொடுத்துப் பாடுகிற குரல். பிறந்ததிலிருந்து இரண்டாம் வரிசையில் நின்றவள், வீடே காலியாக இருந்தபோதும், நிகழ்ச்சி முடிந்தும் டேப்பை நிறுத்தாமல், இரண்டாம் வரிசையில் நின்றுதான் பாடியிருக்கிறாய். ஆனால் எப்படிப் பாடியிருக்கிறாய்!

"சார், அது பேண்ட் பொண்ணு இல்ல."

"பின்ன?"

உன் பெயரைச் சொன்னேன். "அவங்க பாடமாட்டாங்களேம்மா" என்றார் சார், மெதுவாக.

"வீட்ல எல்லாரும் கல்யாணத்துக்குப் போயிட்டாங்க சார். ரூம் காலியா இருந்துச்சு."

அவர் உன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "கார்த்தி, பேட்டரி விஷயத்தை மட்டும் எழுதிக்கோ. கருத்தை வாபஸ் வாங்க வேண்டாம். அவங்க சொன்னது சரிதான், ஆள்தான் மாறிப்போச்சு" என்றார். அந்தத் துண்டையும் வெளியிடலாமா என்று கேட்டான் பையன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். ஊரெல்லாம் உன்னைக் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசை பொங்கியது. ஆனால் என்னிடமே பாப்பா என்று பொய் சொன்னவள் நீ. வேண்டாம் என்றேன். கார்த்தி அதை என் போனுக்கு அனுப்பிவிட்டு, தன்னிடம் இருந்ததை என் எதிரிலேயே அழித்தான்.

இப்போது நீ என் போனில் இருக்கிறாய். என் வீட்டுக்காரர் வாக்கிங் போகிற நேரத்தில் போட்டுக் கேட்கிறேன். கதவைத் தட்டாமல் உன் வீட்டுக்குள் நுழைந்துவிட்ட மாதிரி கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். அறை காலி என்று நம்பித்தானே பாடினாய். இப்போது அறையில் நான் இருக்கிறேன், நீதான் இல்லை. கேட்டு முடிந்ததும் வீடு இருக்கிற அமைதி எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று ஒன்று செய்தேன். நீ கீழே பாடுகிறாய், மேலே ஆள் இல்லை. பாவமாக இருந்தது. நானே மெட்டைப் பாடினேன். என் லட்சணம் உனக்குத் தெரியாதா? முதல் வரியிலேயே சுருதி எங்கேயோ போயிற்று. சட்டென்று நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில் உன் திட்டுக்காகக் காத்திருந்தேன். நான் ஒரு ஸ்வரம் பிசகினால் பாட்டையே நிறுத்திவிட்டு முறைக்கிறவள் அல்லவா நீ.

நீ நிறுத்தவில்லை. நான் தப்புத் தப்பாகப் பாடப் பாட, ஒன்றுமே நடக்காதது போல நீ பாட்டுக்குப் பாடிக்கொண்டே போனாய். நீ செத்துப்போனது எனக்கு அப்போதுதான்டி உறைத்தது.