கொல்லைக் குளத்தில் இறங்கிய மலை

கின்-ஹோ,

அரிசிக் கஞ்சியை மூடி வைத்திருக்கிறேன், ஆறுவதற்குள் குடி. என் அம்மாவைப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் வருகிறேன்.

காலையில் ஃபெங் சுய், அதான் வீட்டு வாஸ்து, பார்க்க லோ மாஸ்டர் வருவார். தேநீர் கொடு. அவர் திசைகாட்டியை எடுத்ததும் உன் போனைத் தூர வை, முள் தடுமாறும்.

நேற்றைய சண்டையை நான் மறக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மலைதான் நமக்குத் துணை. நடுவில் தண்ணீர் புகுந்தால் அந்தத் துணை போய்விடும் என்று ஊருக்கே தெரியும். நீயோ என்னைக் கேட்காமல் கொல்லையில் குளம் வெட்டிவிட்டு, "மீனுக்கு வீட்டு முன்னாடி என்ன, பின்னாடி என்ன?" என்று சிரிக்கிறாய். மண்ணைக் கொட்டி மூடச் சொல்வார் என்றுதான் மாஸ்டரைக் கூப்பிட்டேன்.

இன்று விடியற்காலையில் குளத்தங்கரைக்குப் போனேன். பனி விலக விலக, மலை முழுசாக உன் குளத்துக்குள் இறங்கி வந்து உட்கார்ந்திருந்தது. அதன் உச்சியில் நம் சிவப்பு மீன் மெதுவாக மேய்ந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, செருப்பெல்லாம் நனைந்துவிட்டது.

யுக்-லான்

வெளியே போனால் சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வை.

இன்னொன்று: மாஸ்டர் குளத்தை மூடச் சொன்னால் மரியாதையாகத் தலையாட்டு. மண்வெட்டியை மட்டும் தேடாதே. ஒளித்து வைத்துவிட்டேன்.