விராலிடம் கேட்கச் சொன்ன பதில்

நுரைச்சோலை,
12.02.2026, வியாழன்.

அன்பு மகன் ஃபஸ்லானுக்கு வாப்பா எழுதிக்கொள்வது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் காவலில் நானும் உன் உம்மாவும் தங்கச்சி றிப்னாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அந்தப் பனி நாட்டில் நீயும் காய்ச்சல் தடிமன் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழும்ப வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் துஆ கேட்கிறோம். ஆனால் இந்தக் கடிதத்தை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனில் கதைத்தால் நீ “சரி வாப்பா, சரி வாப்பா” என்று மூன்று தரம் சொல்லி முடிப்பதற்குள் உன் வேலை மணி அடித்துவிடுகிறது. பக்கத்து வீட்டு நளீம் திங்கட்கிழமை கொரியாவுக்குப் பயணமாகிறான், அவனுடைய பையில் உம்மா வைக்கும் கருவாட்டுப் பொதிக்கு மேல் இதை வைத்து அனுப்புகிறேன். கடிதத்துக்கு நடுவில் நீ சரி வாப்பா சொல்ல முடியாது, உட்கார்ந்து முழுவதையும் வாசி.

நீ எனக்கு ஒப்படைத்த வேலையை நானே ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், அப்போதாவது உனக்கு அது எவ்வளவு கோணலாக இருக்கிறது என்று விளங்கும். உன் கொம்பனியில் இன்னும் நாலு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். இந்த மாதக் கடைசிக்குள் நீ பதில் சொல்ல வேண்டும். எலுவன்குளத்துக் குளத்து விரால் நீ அனுப்பிய ஸ்பின்னர்பெய்ட் என்கிற தகட்டுத் தூண்டிலைக் கடித்தால் கையெழுத்து வைக்காமல் ஊருக்கு வந்து, வெளிநாட்டுக்காரர்களைக் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைக்கும் தொழில் தொடங்குவாய், கடிக்காவிட்டால் நாலு வருஷமும் அங்கேயே. கல்யாணம் பேசலாமா என்று உம்மா கேட்டதற்கும், வீட்டுக்குப் பின்னால் அறை ஒன்று கட்டி இறக்கலாமா என்று நான் கேட்டதற்கும் உன் பதில் ஒன்றுதான், முதலில் மீன் என்ன சொல்லுது என்று பாருங்க வாப்பா. நாற்பது வருஷம் கடலில் தொழில் செய்தவனைக் குளத்து விராலிடம் தூது அனுப்பிய பிள்ளை இந்தக் கரையில் நீ ஒருத்தன்தான்.

பெட்டி வந்த அன்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்துதான் திறந்தோம். பன்னிரண்டு இருந்தது. கம்பியை வளைத்து, ஒரு காலில் ஈயத் தலையும் அதைச் சுற்றிப் பாவாடை மாதிரி றப்பர் நூலும் ஒற்றைத் தூண்டில் முள்ளும், மற்றக் காலில் சுழலுகிற தகடும் தொங்கவிட்டு, மீன் இதைத் தின்னும் என்று எவனுக்குத் தோன்றியதோ. உன் உம்மா ஒன்றைத் தூக்கிக் காதோரம் பிடித்து, “இது மீனுக்கில்ல, பொண்ணு வீட்டுக்கு அனுப்புற சாமான்” என்றாள். சிரித்தோம். அதற்குப் பிறகு நான் செய்ததை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். கடல் தூண்டில் எதையும் மண்ணெண்ணெயில் முக்கித் துடைக்காமல் நான் பெட்டியில் வைத்ததே இல்லை, துருப் பிடித்த முள் அறுக்குளா மீனின் வாயில் முறிந்துவிடும் என்பது உனக்கும் தெரியும். அந்தப் பழக்கத்தில் உன் பன்னிரண்டில் ஏழை எடுத்து ஒரு போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப் போட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் றப்பர் நூல் எல்லாம் ஊதி, ஒன்றோடொன்று ஒட்டி, நனைந்த இடியப்பம் மாதிரிக் கிடந்தது. தேசிக்காய் போட்டேன், சவர்க்காரம் போட்டேன், வாடை போகவே இல்லை. கடல் தண்ணீருக்கும் குளத்துத் தண்ணீருக்கும் சாமான் வேறு என்று நீ பெட்டிக்குள் எழுதி வைத்த தாளில் ஒரு வரி இருந்ததா? வட்டத் தகடு, நீட்டுத் தகடு, வெள்ளை நூல், மஞ்சள் நூல் என்று இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவனுக்கு, எண்ணெயில் போடாதீங்க வாப்பா என்று எழுதக் கை வரவில்லை.

மிச்சம் ஐந்தோடு போனேன். நுரைச்சோலையில் இருந்து புத்தளத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து எலுவன்குளத்துக்கு இன்னொரு பஸ், முழங்கால் வலியோடு குளக்கட்டில் ஒரு நடை. அங்கே வயல் செய்கிற உசனாரை உனக்கு ஞாபகம் இருக்கும், றிப்னாவின் கல்யாணத்துக்கு எருமைத் தயிர் கொண்டுவந்தவர். அவர்தான் முதலை கிடக்கிற பக்கத்தைக் காட்டி, தண்ணீருக்குள் கால் வைக்காமல் நிற்கத் தோதான இடம் பார்த்துக் கொடுத்தார். நான் எனக்குத் தெரிந்த மாதிரி எறிந்தேன், எனக்குத் தெரிந்த மாதிரி இழுத்தேன். போட் ஓட ஓடப் பின்னால் தூண்டில் விட்டு அறுக்குளா பிடித்தவனுக்கு வேகம்தான் தொழில். உசனார் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூத்த சகோதரனைக் கேலி செய்கிற மாதிரி, “காக்கா, அந்த மீன் கடிக்கிறண்டா பைசிக்கிள்லதான் வரணும்” என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு ஒற்றை முள் போதாது என்று கடலுக்குப் போடுகிற மூன்று முள்ளை அதற்குப் பின்னால் கட்டினேன். தாமரைத் தண்டில் கொளுவிக் கொளுவி ஒரே காலையில் இரண்டு சாமான் போய்விட்டது. அன்று இரவே உனக்குப் போன் எடுத்தேன், நீ சிரித்தாய். அந்த ஒற்றை முள் கம்பிக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறபடியால்தான் அது தாமரைக்குள் சிக்காமல் வரும், மூன்று முள் கட்டினால் சிக்கத்தானே செய்யும் வாப்பா என்று சொல்லிச் சிரித்தாய். இரண்டு பஸ் ஏறி வெயிலில் நின்றவனுக்கு அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்டது என்று உனக்குத் தெரியாது.

ஆனாலும் விடவில்லை. உன் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி வரி வரியாகச் செய்தேன். தெளிந்த தண்ணீருக்கு நீட்டுத் தகடும் வெள்ளை நூலும், கலங்கின தண்ணீருக்கு வட்டத் தகடும் பளிச்சென்ற மஞ்சள் நூலும் என்று எழுதியிருக்கிறாய், வட்டத் தகடு தண்ணீரை அதிகம் உதைப்பதால் கண் தெரியாத இடத்திலும் மீனுக்கு அது விளங்குமாம். நல்லது. காலையில் தெளிந்து கிடக்கிற குளத்தில் ஒன்பது மணிக்கு எருமை இறங்கினால் எந்தத் தகடு என்று எழுதவில்லை. அதை நானே கண்டுபிடித்தேன், எருமை இறங்கினால் எந்தத் தகடும் இல்லை, வீட்டுக்கு வருவதுதான். இழுக்கிற வேகமும் பிறகு பிடிபட்டது, அதை மறைக்க மாட்டேன். தகடு சுழலுகிற துடிப்புத் தடி வழியாகக் கைக்கு வர வேண்டும், துடிப்பு நின்றால் மெதுவு கூடிவிட்டது, தண்ணீருக்கு மேல் நுரை கிளம்பினால் வேகம் கூடிவிட்டது. தாமரைக்கு நடுவில் இடைவெளி வந்ததும் இழுப்பதை நிறுத்தினால் அது தானாகச் சுழன்று சுழன்று கீழே இறங்கும், கடிக்கிறதென்றால் அந்த நேரத்தில்தான். இவ்வளவும் கற்று என்ன, ஆறு கிழமையில் ஒன்பது தரம் போய்வந்தேன், எட்டுத் தரமும் கையில் வந்தது தாமரைக் கொடிதான். கரையில் மீன் வாங்குகிற நிஸார் முதல் மீனவர் சங்கத் தலைவர் வரை வழியில் காண்கிறவர் எல்லாம் கேட்கிறார்கள், கடல் வற்றிப்போச்சா காக்கா என்று.

இதற்குள் உன் உம்மா வேறு. போன கிழமை நான் வெறுங்கையோடு வந்து கதிரையில் சாய்ந்ததும் தேத்தண்ணியை வைத்துவிட்டு, “கடிக்குது, சும்மா அள்ளி அள்ளிக் கடிக்குது எண்டு எழுதுங்க, அவன் வந்து சேரட்டும், பொறகு பாப்பம்” என்றாள். பொய் எழுதச் சொல்கிறாயா என்று சத்தம் போட்டேன். அவள் வைத்த தேத்தண்ணியைத் திரும்ப எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் இப்படிச் சொல்கிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும், சந்தையில் பழம் ஒன்று அழுகியிருந்தால் விற்கிறவனுக்கு முன்னால் வாங்க வந்தவளுக்குச் சொல்லுகிறவள். அவளை இந்தக் கதைக்குக் கொண்டுவந்துவிட்ட கோபமும் உன்மேல்தான்.

நேற்று முன்தினம் கடைசியாகப் போனேன். மிச்சமிருந்த மூன்றும் தாமரைக்குள் அறுந்து போய், மண்ணெண்ணெயில் கெட்டதில் ஒன்றை எடுத்து, றப்பர் நூலுக்குப் பதில் றிப்னா வெள்ளை ஷொப்பிங் பேக்கை மெல்லிய நாராக வெட்டிக் கட்டித் தந்ததைத்தான் கொண்டுபோனேன். உசனார் கையைப் பிடித்து ஒரு மூலைக்குக் கூட்டிப் போனார். தாமரை இலைகளுக்கு நடுவில் ஒரு பாய் அளவு தண்ணீர் செம்மண் நிறத்தில் பொறு பொறு என்று பொரிந்துகொண்டிருந்தது, அத்தனையும் விரால் குஞ்சு. இதற்குக் கீழே தாயும் தகப்பனும் நிற்கும், எதை எறிந்தாலும் கடிக்கும் என்றார். எறிந்தேன். தகடு நாலு சுற்றுச் சுற்றியிருக்காது, தடியைப் பிடுங்குகிற மாதிரி ஒரு இழுவை. இரண்டு கையாலும் தடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் பின்னால் நடந்தேன். கரைக்கு வந்தபோது என் முழங்கை நீளம், கறுப்பும் மினுக்குமாக, சொண்டில் முள் சுத்தமாக ஏறியிருந்தது. உனக்கு அனுப்பப் படம் எடுக்கலாம் என்று போனைத் தேடும்போதுதான் குஞ்சுகளைப் பார்த்தேன், அந்தச் செம்மண் வட்டம் உடைந்து நாலு பக்கமும் சிதறிக்கொண்டிருந்தது, சின்னச் சின்ன மீன்கள் எங்கிருந்தோ வந்து கொத்தத் தொடங்கிவிட்டன. படமும் எடுக்கவில்லை, ஒன்றும் எடுக்கவில்லை, முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிட்டேன். உசனாருக்குக் கோபம், நல்ல கறி காக்கா, விட்டிட்டீங்களே என்றார். வீட்டில் வந்து சொன்னால் உன் உம்மாவுக்கு வேறு கோபம், குஞ்சோட நிக்கிற மீனையா போய் இழுத்தீங்க என்று.

இப்போது கேட்ட கேள்விக்குப் பதில். கடித்தது, ஒன்று. பசியில் இல்லை, குஞ்சைக் காக்கக் கடித்தது. ஆடி ஆவணியில் தண்ணீர் வற்றினால் தாமரை ஓரத்தில் நன்றாகக் கடிக்கும் என்று உசனார் சொல்கிறார், அது மெய்யாக இருக்கலாம், நான் பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுத மாட்டேன். வெளிநாட்டுக்காரன் ஒன்பது தரம் வந்து நிற்பானா, அவனுக்காகக் குஞ்சோடு நிற்கிற மீனைத் தேடிப் போவாயா என்பதை நீ யோசி. ஆகவே உன் மீன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இதை நம்பி நீ கையெழுத்தை வைத்தாலும் பிழை, வைக்காமல் விட்டாலும் பிழை.

ஆறு வருஷத்துக்கு முன் நீ போக மாட்டேன் என்று நின்றபோது, கடலை நம்பி இருக்காதே போ என்று உன்னைத் தள்ளி அனுப்பியவன் நான்தான். அதற்குப் பிறகு நீ இரண்டு தரம் வரட்டுமா என்று கேட்டாய். இரண்டு தரமும் உன் விருப்பம் என்று சொல்லிப் போனை உம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அனுப்பியவனே கூப்பிட்டால் சரியில்லை என்று நினைத்தேன், கூப்பிட்டு நீ வந்து இங்கே கஷ்டப்பட்டால் என்ன முகத்தோடு உன்னைப் பார்ப்பது என்றும் நினைத்தேன். அதனால்தான் நீ என்னை விட்டுவிட்டு மீனிடம் கேட்கிறாய் என்று அந்தக் குளக்கட்டில் நிற்கும்போதுதான் எனக்கு விளங்கியது. என் கோபத்தில் பாதி உன்மேல் இல்லை மகன். தொழிலுக்கு மீன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான், வீட்டுக்கு வா. வந்து என்ன செய்வது என்று வந்த பிறகு சண்டை பிடிப்போம்.

நோன்புக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது, அந்தக் குளிரில் வேலையும் செய்துகொண்டு நோன்பும் பிடிக்கப் போகிறாய், சஹருக்கு வெறும் பாணைத் தின்றுவிட்டுப் படுக்காதே, சோறு சமைத்துச் சாப்பிடு. அறைக்குள் ஹீட்டர் போட்டால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை. உனக்கு நீண்ட ஆயுளையும் உடம்பில் பலத்தையும் மனத்தில் தெளிவையும் அல்லாஹ் தந்தருள வேண்டும், ஆமீன். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காதே. முடிவைச் சொல்லப் போன் எடுக்கும்போது, எடுத்ததும் “உம்மாகிட்டக் குடுங்க வாப்பா” என்று சொல்லிவிடாதே. இந்த முறை என்னிடம் சொல், அதை நான் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் வாப்பா,
ஹயாத்து முகம்மது.