இரண்டு பெடலுக்கு நடுவே ஒரு கொக்கி

சோப்பு போட்டுக் கழுவியும் கையை விட்டுப் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் என் மகள் மூக்கைச் சுளித்து, "அப்பா, நீங்க ஸ்பூன்ல சாப்பிடுங்க" என்றாள். டீசலும் துருவும் கலந்த வாசனை. எனக்கோ நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போல இருந்தது. உன் டிராக்டரை இன்றைக்குக் கொடுத்தாயிற்று. அதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஓசூர் கம்பெனியில் ஒரே ஷிப்டில் நின்றோமே, அப்போது வாங்கினாய் அந்தப் பழைய வண்டியை, தளியில் உன் கேழ்வரகுக் காட்டை உழ. வார லீவில் நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். பத்தாவதில் கணக்கில் தோற்ற எனக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற உத்தியோகம். பதினாலு கேட்டால் பதினேழு கொடுப்பேன். "உன்ன நம்பி மெஷின் குடுத்துகிறாங்களேடா கம்பெனில!" என்று தலையில் அடித்துக்கொள்வாய்.

அந்த வருஷம் மழை விடவேயில்லை. தார்ப்பாய் கிழிந்து வண்டி நனைந்தே நின்றது. வானம் வெளுத்த பிறகு பார்த்தால், உள்ளே கிளட்ச் பிளேட் துருவில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெடலை எவ்வளவு மிதித்தாலும் எஞ்சினும் சக்கரமும் பிரிய மாட்டேன் என்றன. வண்டியைப் பிரித்துச் செய்ய நாளாகும். அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தாய்: கியரில் போட்டுச் சரிவில் இறக்கி, கிளட்ச்சை மிதித்தபடியே பிரேக்கை ஓங்கி அடிப்பது. அந்த உலுக்கலில் ஒட்டினது விட்டுவிடும்.

டிராக்டருக்குப் பிரேக் பெடல் இரண்டு. உழும்போது ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் பிடித்துத் திரும்புவதற்காக. ரோட்டிலும் சரிவிலும் கொக்கி மாட்டி இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும். உன் வண்டியில் அந்தக் கொக்கியும் துருவேறி மடங்கிக் கிடந்தது.

"மொதல்ல கொக்கிய சரி பண்ணி மாட்டுடா" என்றேன்.

"அது சின்ன சாமான்டா. காலு ரெண்டு மேலயும் படும்ல? ஆகுத்தே பிடு, எல்லாம் ஆயிடும். பஸ்ல உக்காந்துகினே கம்பிய புடிக்கிறவன் நீ. உன்ன கேட்டா வண்டிய தொடவே முடியாது."

நானும் சிரித்துவிட்டேன். ஓயாமல் தமாஷ் பேசுகிற என்னைப் போன்றவன் எச்சரித்தால், அதுவும் தமாஷாகத்தான் காதில் விழும் போலிருக்கிறது.

நான் மேட்டில் நின்றேன். வண்டி இறங்கியது. முதல் அடிக்குக் குலுங்கியது. அடுத்த அடிக்கு "டப்" என்று ஒரு சத்தம். ஒட்டினது விட்டுவிட்டது. நீ திரும்பி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினாய். அப்படி ஒரு சந்தோஷம் உன் முகத்தில். எஞ்சினின் பிடி போன வண்டி அதற்குப் பிறகுதான் வேகமெடுத்தது. சேறு அப்பின உன் செருப்பு வழுக்கி ஒற்றைப் பெடலில் விழுந்தது. வண்டி அந்தப் பக்கமே சுழன்று, வரப்பைத் தாண்டி, உன்மேல் கவிழ்ந்தது. நான் ஓடி வந்து சேர்ந்தபோது சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

அதன்பின் வண்டி கொட்டகையில் நின்றதுதான். "அது நிக்கிற எடத்துல எனக்கு தூக்கமே வரல அண்ணா, யாருக்காச்சும் குடுத்துடுங்க" என்றாள் உன் மனைவி. அதை வாங்க சிங்காரப்பேட்டையிலிருந்து ஒருவர் இன்று காலை பேட்டரியோடு வந்தார். எஞ்சின் உயிர் பெற்றது. கிளட்ச் மறுபடி ஒட்டியிருந்தது. அவர் கொட்டகைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். அதே சரிவு.

"ஒரே எறக்கு. டப்புனு விட்டுரும்ங்க."

"வேணாங்க. இங்கதான்..."

"அக்கா சொன்னாங்க. நான் எறக்காத வண்டியா?"

உன் மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முன்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லை எடுக்க அவர் குனிந்தார். நான் போய் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். "கல்ல எடுக்கணும்னா என்னையும் சேத்து எடுங்க."

"நல்லா தமாஷ் பண்றீங்கண்ணா" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எஞ்சினின் அதிர்வு சக்கரம் வழியாக என் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் ஏறி எஞ்சினை நிறுத்தினார்.

கொக்கியில் டீசலும் பிரேக் ஆயிலும் விட்டு ஊறவைத்தேன். இழுத்தால் ஒடிந்துவிடும். துளி முன்னே, துளி பின்னே. மத்தியானம்தான் அசைந்தது. இரண்டு பெடலையும் சேர்த்து மாட்டினேன். அதற்கப்புறமும் போய்க் கல்மேலேயே உட்கார்ந்தேன். "உங்களோட முடியலண்ணா" என்று லாரி வரவழைத்து ஏற்றிக்கொண்டார். ஊரில் பிரித்துச் செய்துகொள்வாராம்.

லாரி கிளம்பும்போது தலையை நீட்டிச் சொன்னார்: "உழுவணும்னா கொக்கிய கழட்டித்தானே ஆவணும்? எங்க ஊர்லயும் எறக்கம் இருக்குதுங்க!"

அவருக்கு அது தமாஷ்.

அவருடைய நம்பரை வாங்கி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது ஒரு தடவை போன் அடித்தது. வேறு யாரோதான். ஆனால் எடுப்பதற்குள், மேஜைக்கு அடியில் என் வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது, பாதத்தை அகலமாக வைத்து, இரண்டு பெடல் மேலும் படுகிற மாதிரி.