எண்பத்தைந்து வயது வரைக்கும்

6-8-1974
ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் கலைந்துவிட்டது. மூன்று நாளாக மயங்கி விழுந்தவர்களுக்கு குளுக்கோஸ் ஏற்றி ஏற்றி என் கை மரத்துப்போயிருக்கிறது. இன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி அமைதி.

மூக்காண்டி அண்ணாச்சி இன்றோடு நின்றுகொண்டார். இருபத்தாறு வருஷம் கம்பவுண்டர். கை நடுக்கம் வந்து மிக்சர் அளவு தவறுகிறது என்று டாக்டரே பக்குவமாகச் சொல்லிவிட்டார். ஒரு வேட்டி, துண்டு, நூறு ரூபாய், அவ்வளவுதான். தனியார் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டருக்கோ நர்ஸுக்கோ பென்ஷன் கிடையாது. “இனி என்ன அண்ணாச்சி செய்யப்போறீங்க?” என்றேன். “மூத்தவன் வீட்டில ஆறு மாசம், சின்னவன் வீட்டில ஆறு மாசம். அவனுவ விட்ட வழி” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு மூத்தவனும் இல்லை, சின்னவனும் இல்லை. வயது நாற்பத்திரண்டு.

8-8-1974
கணக்குப் போட்டேன். சம்பளம் நூற்றுத் தொண்ணூறு. எனக்குச் செலவு நூற்றிருபது, தம்பி வீட்டிலிருக்கும் அம்மாவுக்கு முப்பது. மிச்சம் நாற்பது. தபாலாபீஸில் இருப்பது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

ஐம்பத்தெட்டு வரைக்கும் உழைக்கலாம். அதற்குப் பிறகு எத்தனை வருஷம் இருப்பேன்? இதை யாரிடம் கேட்பது! அம்மாவுக்கு எழுபத்தாறு, கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோர்க்கிறாள். பெரியத்தை போனது எண்பத்தைந்தில். சரி, எண்பத்தைந்து என்றே வைத்துக்கொள்கிறேன். ஆண்டவர் முன்னால் கூப்பிட்டால் மிச்சம் கோயிலுக்கு.

மாதம் நாற்பது, பதினாறு வருஷம், இருப்பையும் சேர்த்தால் பத்தாயிரத்து இருபது. அதை மாதம் நூற்றிருபதாகச் செலவழித்தால் ஏழு வருஷம். அறுபத்தைந்து வயதில் காசு நின்றுபோகிறது. நான் நிற்கவில்லை.

மறுபடி போட்டேன். அதே ஏழு வருஷம்தான்.

12-8-1974
பாங்கில் ஆறுமுகச்சாமி என்று ஒரு கிளார்க். போன வருஷம் அவர் மனைவிக்குப் பிரசவம் பார்த்தது நான். காகிதத்தைக் காட்டினேன். “சிஸ்டர், நீங்க முதலை எடுத்துச் சாப்பிடுதீங்க. முதலைத் தொடப்படாது. வட்டியைத்தான் சாப்பிடணும்” என்றார். இப்போது அஞ்சு வருஷத்துக்கு மேல் போட்டால் நூற்றுக்குப் பத்து தருகிறார்களாம். வட்டியையும் திரும்பப் போட்டுக்கொண்டே வந்தால் அது குட்டி போடும் என்று ஒரு தாளில் வருஷம் வருஷமாக எழுதிக் காட்டினார். மாதம் நூற்றிருபது கிடைக்க பதினாலாயிரத்து நானூறு முதல் இருந்தால் போதும்.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். தரையில் கால் பாவவில்லை.

13-8-1974
போதாது!

விடியற்காலையில் காபி போடும்போது தோன்றியது. சீனி டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சீனி போன வருஷ விலையிலா இருக்கிறது? பெட்டியிலிருந்து 1959 டைரியை எடுத்துப் பார்த்தேன். வேலையில் சேர்ந்து ரெண்டாம் வருஷம். இதே வீடு, இதே ஒரு ஆள் சாப்பாடு. மாதச் செலவு நாற்பத்தெட்டு ரூபாய். இன்றைக்கு நூற்றிருபது. இரண்டரை மடங்கு. அப்படியென்றால் எனக்கு ஐம்பத்தெட்டு ஆகும்போது இதே கஞ்சிக்கு முந்நூறு வேண்டும். அதோடும் விலை நிற்காது. வட்டியில் கொஞ்சத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மத்தியானம் பாங்குக்கு ஓடினேன். ஆறுமுகச்சாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இதை நான் யோசிக்கலையே சிஸ்டர்.” பாங்குக்காரர் யோசிக்காததை நான் யோசித்திருக்கிறேன்.

இரண்டு பேரும் உட்கார்ந்து போட்டோம். நாற்பத்து மூவாயிரம் வேண்டும். அதற்கு மாதம் எழுபத்தைந்து போட வேண்டும்.

என்னிடம் இருப்பது நாற்பது.

20-8-1974
வீட்டு வாடகையைக் குறைக்க முடியாது. அம்மா பணத்தைக் குறைக்க மாட்டேன். அந்த முப்பத்தைந்து எங்கிருந்து வரும்? ஒரு இடம்தான் இருக்கிறது. பதினாறு வருஷத்தில் டாக்டரிடம் நானாக எதுவும் கேட்டதில்லை.

2-9-1974
கேட்டுவிட்டேன்.

ஓ.பி. முடிந்து டாக்டர் வெள்ளத்துரை கை கழுவிக்கொண்டிருந்தார். “சார், ஒரு விஷயம்.” “லீவா?” “இல்ல சார். எனக்கு வயசான காலத்துக்குச் சேர்த்துக்கிட்டு வாரேன். நான் நாற்பது போடுதேன். நீங்க மாசம் முப்பத்தஞ்சு போடணும்.” டாக்டர் சிரித்தார். “உனக்கென்னம்மா, நான் இருக்கேம்லா?” என்றார்.

எப்படித்தான் வாயில் வந்ததோ: “நீங்க என்னைவிட எட்டு வயசு மூத்தவங்க சார்.”

குழாயை மூடிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். செத்தேன் என்று நினைத்தேன். காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி போட்டு நின்றபடியே முழுக்க வாசித்தார். “யார் போட்டது?” “நான்தான்.” “அது யாரு, எண்பத்தைந்து?” “எங்க பெரியத்தை.” அதற்குச் சிரிக்கவில்லை. “இருபத்தஞ்சு தாரேன்” என்றார்.

“அப்போ அந்தப் பத்து ரூபாய்க்கு ஞாயித்துக்கிழமை சாயங்கால ஓ.பி.க்கு நான் வரலை சார்.”

இப்போது சிரித்தார், சத்தமாக. “முப்பத்தஞ்சே வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை நீ இல்லாம என்னால முடியாது.”

என்னால முடியாது என்று அவர் வாயால் சொன்னார்.

4-9-1974
முதல் எழுபத்தைந்து கட்டினேன்.

19-5-1976
ஊரே வெந்துகொண்டிருக்கிறது. மேசை விசிறி விலை கேட்டேன். வாங்கவில்லை. பனை விசிறியே போதும். இதெல்லாம் கஞ்சத்தனமோ? எண்பத்தைந்து வயதுக்காரிக்காக நாற்பத்து நாலு வயதுக்காரியை வேகவைக்கலாமா?

22-5-1976
விசிறி வாங்கிவிட்டேன். ஓவர்டைம் பணத்தில். எழுபத்தைந்தைத் தொடவில்லை. இரண்டு பேருக்கும் நியாயம்.

10-9-1978
தம்பி பிரபுதாஸ் பனவடலிசத்திரத்திலிருந்து வந்திருந்தான். அவன் மகன் துரைக்கு சவுதியில் வேலையாம். ஏஜெண்டுக்கு ஆறாயிரம் வேண்டும். என் பாங்குப் புத்தகத்தில் ஏழாயிரத்து அறுநூறு இருப்பது எப்படியோ தெரிந்திருக்கிறது.

“ரெண்டு வருஷத்துல திருப்பித் தாரேன்க்கா.” “அதைத் தொடமாட்டேன் தாசு.” “ஒத்தக்கட்டைக்கு எதுக்குக்கா இவ்வளவு? கடைசி காலத்துல எங்க வீட்டில உனக்கு ஒரு மூலை கிடையாதா?”

மூலை!

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. என் வளையல் இரண்டையும் கழற்றிக் கொடுத்தேன். “இது துரைக்கு நான் கொடுக்குதது. திருப்பித் தர வேண்டாம்.” வாங்கிக்கொண்டான். முகம் கொடுத்துப் பேசாமலே பஸ் ஏறிவிட்டான். வெறுங்கையைப் பார்த்துப் பார்த்து அழுதேன். ஆனாலும் நான் செய்தது தப்பில்லை. தப்பா? இல்லை.

3-2-1979
மிச்சத்துக்குத் தம்பி வயலை அடகு வைத்தானாம். துரை போய்ச் சேர்ந்துவிட்டான். அம்மா ஆள் மூலம் சொல்லியனுப்பினாள். ஸ்தோத்திரம்.

14-11-1981
அம்மா போய்விட்டாள். எண்பத்து மூன்று. தம்பி வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மூன்று வருஷம் பேசாமல் இருந்ததை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

2-7-1984
டாக்டர் ஆஸ்பத்திரியை மூடுகிறார். மகனோடு மதுரைக்குப் போகிறாராம். இருதயம் சரியில்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு. புத்தகத்தில் இருபதாயிரத்து நானூறு. பாதிகூட இல்லை.

30-7-1984
கடைசி நாள். ஓ.பி. ரூமில் டாக்டரும் நானும் மட்டும். “தீபம், உன் கணக்குல ஆறு வருஷத்தை நான் கெடுத்துட்டேன்” என்றார். அந்தக் காகிதத்தைப் பத்து வருஷமாக ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்! ஒரு கவர் கொடுத்தார். மூவாயிரம். “இது தயவு இல்லம்மா. உனக்குச் சேர வேண்டியது.” அப்படித்தான் நானும் வாங்கிக்கொண்டேன். குனியாமல்.

5-8-1984
தம்பி வந்தான். “இப்பவாவது வீட்டுக்கு வாக்கா.” “வாரேன் தாசு. ஞாயித்துக்கிழமை சாப்பிட.” செருப்பை மாட்டினான். பிறகு, “கறி எடுத்து வைக்கச் சொல்லுதேன்” என்றான்.

11-8-1984
முன்னறையில் ஒரு பெஞ்சும் ஒரு கட்டிலும் போட்டேன். ஊசி, கட்டு, பிரசவம். நர்ஸ் சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு மாட்டினேன். முதல் நாள் யாரும் வரவில்லை.

12-8-1984
ஒன்பது பேர்.

1-4-1985
நான் இத்தனை வருஷம் வாங்கின மாதச் சம்பளத்தைவிட இது அதிகம்! போன மாதம் நானூற்றுப் பத்து. நூற்றைம்பது பாங்குக்கு. ஏன் இதை முன்னாலேயே செய்யவில்லை? தைரியம் இல்லை. இந்தத் தைரியம்கூட அந்த இருபதாயிரம் கொடுத்ததுதான். பின்னால் அது இருக்கிறது என்றதும் பெஞ்சு போட முடிந்தது.

17-1-1987
தம்பி மத்தியான பஸ்ஸில் வந்தான். கையில் நாற்பது பக்க நோட்டு. கொஞ்ச நேரம் ஊர்க்கதை. அப்புறம், “அக்கா, அந்தக் கணக்கை எப்படிப் போட்ட? துரை அனுப்புததை எல்லாம் வீடு கட்டியே தீர்த்தாச்சு. எனக்கும் அம்பத்தி ரெண்டு ஆயிட்டு” என்றான்.

சாயங்காலம் வரைக்கும் போட்டோம். “எத்தனை வயசு வரைக்கும் எழுத?” என்றான். “நம்ம குடும்பத்துக்கு எண்பத்தைஞ்சுக்குக் குறைச்சு எழுதாத.”

31-1-1989
நாற்பத்து நாலாயிரத்து நானூறு. நினைத்ததைவிட ஒரு வருஷம் முன்னாலேயே. வட்டி மாதம் முந்நூற்று எழுபது, செலவு முந்நூற்று இருபது. ஐம்பது திரும்ப உள்ளே போகும். பெஞ்சை நாளைக்கு எடுத்துவிடலாம். கடைசியாக வந்தது ஒரு கைக்குழந்தை, முத்தடுப்பு ஊசிக்கு. கத்தின கத்தில் தெருவே கூடிவிட்டது.

1-2-1989
எட்டு மணிக்கு எழுந்தேன்.

9-3-1989
தாலுகா ஆபீஸிலிருந்து புது ரேஷன் கார்டுக்கு எழுத ஒருவர் வந்தார். “குடும்பத் தலைவர் பேரு?” “ஞானதீபம்.” “அம்மா, உங்க வீட்டுக்காரர் பேரு கேக்கேன்.” “கிடையாது.” “மகன்?” “கிடையாது.” “அப்போ யார் ஆதரவுல இருக்கீங்க?”

“பென்ஷன்ல இருக்கேன்.”

“எந்த டிபார்ட்மெண்டும்மா?”

“டிபார்ட்மெண்ட் எல்லாம் இல்ல தம்பி. நானே எனக்குக் கொடுக்குதேன்.”

பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். பாரத்தில் அதற்கு இடம் இல்லையாம். கடைசியில் ‘ஓய்வு பெற்றவர்’ என்று எழுதினார். சரியாக எழுதினாரா என்று எட்டிப் பார்த்துவிட்டு, அவருக்குக் காபி போட உள்ளே போனேன்.