எலும்பு திருப்பித் தருவது

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? வயிற்றுக்குள் இருக்கும் ஆளும் நலமா? எட்டாம் மாதம் நீ வந்துவிடுவாய் என்று அப்பா உன் அறைக்கு வெள்ளையடித்துவிட்டார்.

அம்மாவுக்குக் கை நடுங்குகிறது. ரத்தத்தில் ஈயம் அதிகமாம். பழைய பேட்டரி உடைக்கிற நம் கொல்லைப் பட்டறை வேலையை அம்மா விட்டு எட்டு வருஷம் ஆகிறதே, இப்போது எப்படி என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். சுண்ணாம்புச் சத்து உட்காரும் இடத்தில் ஈயமும் போய் எலும்பில் உட்கார்ந்துகொள்ளுமாம். ஆண்களுக்கு எலும்பு மெதுவாகத்தான் கரையும். பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் வயதில் மளமளவென்று கரைந்து, ஈயம் ரத்தத்துக்குத் திரும்பிவிடுமாம்.

அப்பா நம்பவில்லை. "நான் இன்னிக்கும் ஈயம் உருக்குற உலைக்கு முன்னாடிதான் நிக்கிறேன். எனக்கென்ன வந்துச்சு?" என்கிறார். "அப்ப சமையல் கரண்டியையும் நீங்களே பிடிங்க" என்றாள் அம்மா.

நூலகத்தில் தடிப் புத்தகம் ஒன்று எடுத்துப் பார்த்தேன். இதெல்லாம் இருந்தது. அடுத்த பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது. அதை இப்போது எழுதவில்லை. பால் நிறையக் குடி.

உன் தங்கை

மார்ச் 9

என் கண்ணாடிக்காரிக்கு,

இப்படிப் பயமுறுத்திவிட்டுப் பால் குடி என்றால் எப்படியடி இறங்கும்? அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? போனில் கேட்கலாமென்றால் உன் பக்கத்திலேயே அப்பா நிற்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு உன் மாமா, "லெட்டர்ல யாராச்சும் திட்டியிருக்காங்களா?" என்கிறார். உள்ளே இருக்கும் ஆள் உதைக்கிற உதையில் எனக்குத் தூக்கமும் இல்லை. எழுது.

அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

கர்ப்பத்திலும் அப்படித்தானாம். குழந்தைக்குச் சத்துக் கொடுக்கத் தாயின் எலும்பு கரையும். கூடவே வேறு என்ன போகிறது என்று அது பார்ப்பதில்லை. நீ பத்து வயதிலிருந்து கல்யாணம்வரை பேட்டரியிலிருந்து ஈயத் தகடு பிரித்தாய். தயவுசெய்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்.

இங்கே வராதே. உன் ஜன்னலிலிருந்து உலைக்கு இருபது எட்டுதான், நடந்து பார்த்தேன். நீ வரும் நாளுக்காகக் காலண்டரில் தினமும் அடித்துக்கொண்டு வந்தவள்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா புத்தகத்தைப் பார்த்துவிட்டார். "சோறு போடற தொழில்ல மண்ணள்ளிப் போடறியா?" என்று பிடுங்கிப் பரண்மேல் எறிந்துவிட்டார். நூலகத்தில் என்ன சொல்வேன்?

உன் தங்கை

மார்ச் 27

கண்ணே,

முடிவு வந்துவிட்டது. இருக்க வேண்டியதைவிட அதிகம். எலும்பில் இருப்பதை எடுக்க முடியாதாம். சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். பிறந்ததும் குழந்தைக்கும் பார்ப்பார்கள். காகிதத்தைப் பிடித்தபடி ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் மாமாதான் எழுப்பிக் கூட்டிவந்தார். நான் அங்கே வரவில்லை.

அந்த பெஞ்சில்தான் எனக்கு உறைத்தது. நான் கல்யாணமாகி வந்து மூன்று வருஷம். தகடு பிரிக்க நான் உட்கார்ந்த பலகையில் இப்போது யார் உட்காருகிறார்கள்? நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. நானும் ஒருநாளும் கேட்கவில்லை.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பி வா. இங்கே உனக்குப் பள்ளிக்கூடம் பேசியாயிற்று.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான்தான். மூன்று வருஷமாக, தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும். மறைக்க வேண்டும் என்று இல்லை. அந்தப் புத்தகத்தில் ஆணுக்கு, பெண்ணுக்கு என்று வயதுவாரியாக ஓர் அட்டவணை இருந்தது. என் வயதில் எலும்பு சேர்த்துக்கொள்ளும் என்று இருந்தது, இப்போதைக்குத் திருப்பித் தராது என்று நானே எடுத்துக்கொண்டேன். அதனால் எனக்கு இன்னும் நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் பெட்டியை இறக்கி, அந்த நடுங்கும் கையால் என் சீருடையை மடித்து வைத்தாள். சனிக்கிழமை முதல் பஸ். அப்பாவிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்கிறாள்.

இதை எழுதும்போதே கொல்லையிலிருந்து அப்பா கூப்பிடுகிறார். "தகடு குவிஞ்சு கெடக்கு, வாடி!" இது இரண்டாவது தடவை. கதவைச் சாத்தித் தாழ் போட்டிருக்கிறேன்.

உன் தங்கை