ஆரஞ்சு போத்தல்

இதை யார் எடுத்தாலும், தயவுசெய்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் வேண்டாம், அண்ணனிடம் வேண்டவே வேண்டாம். படித்துத்தான் ஆக வேண்டுமென்றால் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன். வாயால் சொல்ல முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

கலா, படிவம் 3

5.8.85, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் முழுக்கச் சேறு. ஸ்கூல் பஸ் லேட். வரலாறு வீட்டுப்பாடம் முடிக்கவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. வகுப்பில் எல்லாரும் நேற்றைய ஆட்டத்தைப் பற்றித்தான்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கோல சிலாங்கூர் டவுன் திடல். கூடைப்பந்து. அண்ணன் கோஷ்டிக்கும் கிள்ளான் கோஷ்டிக்கும். அண்ணன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக்காக ஆடுகிறான். பெயருக்குத்தான் ஸ்டோரில் வேலை, சம்பளம் ஆடுவதற்கு. எங்கள் செம்பனைத் தோட்டத்து ஆட்களில் விளையாடிச் சம்பளம் வாங்குகிறவன் அவன் ஒருவன்தான். அதனால் பக்கத்தில் ஆட்டம் என்றால் தோட்டத்து லோரி நிறைந்துவிடும். நேற்றும் நிறைந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரம். அண்ணன் பந்தோடு எகிறினான். கிள்ளான் ஆள் முழங்கையால் மூக்கில் இடித்தான். ரத்தம். நடுவர் அண்ணன் மேல்தான் தப்பு என்று கை காட்டினார். அண்ணன் அவனைத் தள்ள, அவன் திருப்பித் தள்ள, வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் உள்ளே ஓட, எங்கள் ஆட்கள் கயிற்றைத் தாண்டிக் குதித்தார்கள். நாற்காலி பறந்தது. பிறகு ஒரு ஆரஞ்சு போத்தல்.

அது கிள்ளான் பெஞ்சில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த பையன் மேல் விழுந்தது. சண்டைக்கே வராதவன். எழுந்து நிற்கக்கூட இல்லை. இடது கண். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல் இடுக்கில்

இதை எழுத முடியாது.

யார் எறிந்தது என்று தோட்டமே கேட்கிறது. எனக்குத் தெரியும்.

அப்பா.

என் பக்கத்தில்தான் நின்றார். பாதி குடித்த போத்தல். "மிச்சம் வச்சிருக்கேன் பாப்பா, குடி" என்று என்னிடம் நீட்டினார். நான் கையை நீட்டுவதற்குள் அண்ணன் மூக்கில் ரத்தம். அந்தக் கை அப்படியே திரும்பியது. அப்பா யாரையும் அடித்து நான் பார்த்ததில்லை. ஆட்டைக்கூட அதட்டமாட்டார்.

திரும்பும்போது லோரியில் எல்லாரும் ஒரே கூச்சல். அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து என் தலையில் போட்டார். "தூத்தல் போடுது. கண்ண மூடிக்க" என்றார்.

நேற்று தூறல் இல்லை.

6.8, செவ்வாய்

வெயில். அம்மா ஈரத்துணி எல்லாவற்றையும் வெளியே போட்டார். அப்பா நேற்று முன்தினம் போட்டிருந்த சட்டையை மட்டும் அவரே துவைத்திருக்கிறார். அம்மா சிரித்தார்: "ஒங்கப்பாவுக்கு என்னமோ ஆயிருச்சு."

மத்தியானம் அண்ணன் ரவாங்கிலிருந்து வந்துவிட்டான். பெட்டியோடு. மூக்கு வீங்கி, கண்ணுக்குக் கீழே நீலம். கூடைப்பந்துச் சங்கத்தின் முதல் முடிவு வந்துவிட்டதாம். அவன் சொன்னபடி:

– அண்ணனும் இன்னும் மூன்று பேரும், கிள்ளானில் இரண்டு பேரும், விசாரணை முடியும்வரை ஆடக்கூடாது.
– ஞாயிறு ஆட்டம் செல்லாது.
– எங்கள் தோட்டத்து ஆட்கள் இனிமேல் எந்தத் திடலுக்குள்ளும் வரக்கூடாது.
– போத்தல் எறிந்தவன் யாரென்று சனிக்கிழமை விசாரணையில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் கோஷ்டியே வெளியே.

இன்னொன்றும் சொன்னான். ஆட்டக்காரர்களுக்கு வீட்டு ஆட்களுக்கென்று ஓசி டிக்கெட் உண்டு. அதில் உள்ளே வருகிறவர் எது செய்தாலும் ஆட்டக்காரன்தான் பொறுப்பு. கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குகிறார்கள்.

"நல்லவேளை, நம்ம வீட்டு ஆளு இல்ல. இருந்துச்சுன்னா ஆயுசுக்கும் எனக்குத் தடைதான்" என்றான்.

அப்பாவும் நானும் அந்த டிக்கெட்டில்தான் போனோம்.

ராத்திரி எல்லாரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். கெம்போங் மீன் குழம்பு. அண்ணனுக்கு மெல்ல முடியவில்லை. "எவன் எறிஞ்சானோ அவன் கைய ஒடிக்கணும்பா. பாவம் அந்தப் பையன், போன மாசம்தான் கோஷ்டியில சேந்தான். கண்ணு வராதுங்கிறாங்க."

அப்பா "ம்" என்றார். பிறகு அம்மாவிடம், "குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து."

எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா இரண்டாவது தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். அதுதான் பயமாக இருக்கிறது.

7.8, புதன்

கணக்குச் சோதனை. 41. எஸ்.ஆர்.பி. பரீட்சையில் இப்படி வாங்கினால் முடிந்தது.

காலையில் பெரட்டில் நடந்ததை அம்மா சொன்னார். வேலைக்குப் போகும் முன்பு இருட்டில் எல்லாரையும் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அங்கே இன்றைக்கு மானேஜரே வந்தாராம். கையில் டார்ச். போலீஸ் ஆபீசுக்கு வந்து போனதாம். லோரி தோட்டத்துடையது, அதில் வந்தவன் செய்தது தோட்டத்துக்கே அவமானம், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பெயர் வேண்டும். பெயர் வந்தால் அந்த ஆளுக்கு வேலை இல்லை, மாசக் கடைசிக்குள் அந்தக் குடும்பம் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வராவிட்டால் லோரி ஏறிப் போன எல்லாருக்கும் அதே கதி. டார்ச்சை ஒவ்வொரு முகத்திலும் அடித்துப் பார்த்தாராம்.

"ஒங்கப்பா முகத்துலயும் அடிச்சாரு. கண்ணே சிமிட்டல" என்றார் அம்மா. பெருமையாகச் சொன்னார்.

சாயங்காலம் கடைக்குச் சீனி வாங்கப் போனேன். தோட்டத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள், இரண்டு பேர். இந்தப் பக்கத்து ஆட்கள் இல்லை. ஒருவன் மலாயில் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: தங்கச்சி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குப் போனாயா, போத்தல் எறிந்தவன் எந்த லயம் என்று தெரியுமா. நான் போகவில்லை என்றேன். பரவாயில்லை, நாங்கள் திரும்ப வருவோம் என்றான். கத்தியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, சீனி வாங்கவில்லை.

ராத்திரி கோயிலில் கூட்டம். ஆம்பிளைகள் மட்டும். அப்பா போனார். அண்ணன் போகவில்லை.

கரண்டு நின்றுவிட்டது. மெழுகுவர்த்தி அடிவரை வந்துவிட்டது.

8.8, வியாழன்

மேகம் மூடியே கிடக்கிறது, மழை இல்லை. புழுக்கம்.

என் கூட்டாளி ஸ்டெல்லா இன்றைக்கு பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள். ரீசஸில் கழிவறைக்குப் பின்னால் பிடித்துக் கேட்டேன். அழவில்லை. முகம் மட்டும் ஒரு மாதிரி.

கோயில் கூட்டத்தில் அவள் அண்ணன் பெயரைத்தான் கொடுக்க முடிவு செய்திருக்கிறார்கள். அந்தோணி அண்ணனை.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சொன்னாராம்: "குடும்பம் குட்டின்னு வேர் விட்டவன குடுக்க முடியாது லா. அந்தோணிதான் முன்னால நின்னு கத்துனான், எல்லாரும் பாத்தோம். போனாலும் வேற தோட்டத்துல பொழச்சுக்குவான்."

அவர்கள் ஜெராம் பக்கத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான். இங்கே சொந்தம் யாரும் இல்லை. கூட்டம் கோயிலில். அவர்கள் மாதா கோயில்காரர்கள். அந்தோணி அண்ணன் வாசலில்தான் நின்றாராம். அப்பா இல்லாத வீடு, அவர் வெட்டும் செம்பனைக் குலையில்தான் ஸ்டெல்லாவும் அவள் அம்மாவும் சாப்பிடுகிறார்கள்.

"உங்கண்ணன் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"எறிஞ்சிருப்பேன்னு சொல்றாரு. அன்னிக்கு நல்லா குடிச்சிருந்தாரு இல்ல? எதுவும் ஞாபகம் இல்லையாம். இத்தனை பேரு பாத்தேன்னு சொன்னா நான்தான் எறிஞ்சிருப்பேன்னு அம்மாகிட்ட சொல்லி அழுதாரு. ராத்திரி பூரா கையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாரு, கலா."

மணி அடித்தது. அறிவியல் பாடம். தவளையின் இதயம். எதையும் எழுதவில்லை.

வீட்டில் அம்மா அப்பாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சமையல் கட்டிலிருந்து கேட்டது.

"நீங்க ஒண்ணும் பேசலியா அங்க?"

"நான் என்னத்த பேச. எல்லாரும் சரின்னாங்க."

"நீங்க?"

"நானும்தான்."

அம்மா எழுந்து போய்விட்டார். அம்மாவுக்குத் தெரியுமா? அந்தச் சட்டை இன்னும் கொடியில் தொங்குகிறது. யாரும் எடுக்கவில்லை.

வியாழன், திரும்பவும்

தூக்கம் வரவில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில். அவன் வாளியைத் தூக்கிக்கொண்டிருந்தான். முழுக்கச் சொன்னேன், போத்தல் நான் குடிக்க வேண்டியது என்பது வரை. அடிப்பான் என்று நினைத்தேன். வாளியைக் கீழே வைத்தான். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது, மூடவில்லை.

"யார்கிட்டயாச்சும் சொன்னியா?"

இல்லை என்றேன்.

"சொல்லாத."

"அந்தோணி அண்ணன்?"

"பாத்துக்கலாம். ரவாங்ல வேலை எதாச்சும் சொல்லிப் பாக்குறேன் அவனுக்கு."

கையை ஒடிக்க வேண்டும் என்று சொன்னவன். குழாயை மூடிவிட்டு வாளியோடு போனான். வழியெல்லாம் தண்ணீர் சிந்தியது. திரும்பிப் பார்த்து, பள்ளிப் பாடத்தைப் படி என்றான். அண்ணன் மேல் கோபம் வரவில்லை. அவனுக்குத் தடை விழுந்தால் நாங்கள் என்ன ஆவோம் என்று நானும் கணக்குப் போட்டுத்தான் பார்த்தேன். அப்பா வேலை வீட்டோடு போகும், அண்ணன் வேலையும் போகும். எங்களுக்கு இரண்டு வேலை போகும், அவர்களுக்கு ஒன்றுதான் போகும். இப்படி நினைத்தேன். ஸ்டெல்லாவைப் பற்றி இப்படி நினைத்தேன்.

9.8, வெள்ளி

பள்ளிக்கு ஸ்டெல்லா வரவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கியபோது அந்தோணி அண்ணன் ஆபீசிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்தார். கையெழுத்து வாங்கிவிட்டார்கள் போல. என்னைப் பார்த்து எப்போதும் போல, "என்னா கலா, பரீட்சைக்குப் படிக்கிறியா?" என்றார். தலையை ஆட்டினேன். வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தார். வெளியே எடுக்கவே இல்லை.

அதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

அவர் கடைப்பக்கம் போனதும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடைசி லயம், கடைசி வீடு. ஸ்டெல்லாவின் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். மாதா படத்தைச் சுவரிலிருந்து எடுத்துத் துணிக்கு நடுவில் வைத்திருந்தார்கள். ஸ்டெல்லா தட்டுமுட்டுச் சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, அண்ணன் எறியல. எங்கப்பாதான் எறிஞ்சாரு. நான் பக்கத்துல நின்னேன்."

மடிப்பது நிற்கவில்லை. ஒரு புடவையை முழுக்க மடித்து முடித்தார். ஸ்டெல்லா சாக்கை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். திட்டுவாள், கட்டிக்கொள்வாள், ஏதாவது செய்வாள் என்று நின்றேன். இரண்டும் இல்லை. ஏதோ புதிதாக வந்த ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

அவள் அம்மா கடைசியில் சொன்னது: "நீ வீட்டுக்குப் போ கண்ணு. இருட்டுறதுக்குள்ள போ. இங்க வந்தேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

எல்லாரும் என்னைச் சொல்லாதே என்றுதான் சொல்கிறார்கள்.

வீட்டில் மணி ஏழு இருக்கும். அப்பா குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டினார். என்னைப் பார்க்காமல், "அந்தோணி வீட்டுக்குப் போனியாமே" என்றார். எப்படித் தெரியும்? லயத்தில் எதுதான் தெரியாது. ஆமாம் என்றேன். துண்டைக் கொடியில் போட்டார், ஓரங்களைச் சரியாக இழுத்துவிட்டார்.

அப்பா சாப்பிடவில்லை. அம்மா தட்டு வைத்தது அப்படியே இருக்கிறது. அண்ணன் நாளைக்கு விசாரணைக்குப் போக வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டான். அப்பாவும் தம் சட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார். "இதையும் போட்டு வையி." எதுக்குப்பா என்று அண்ணன் கேட்டான். அப்பா பாயை விரித்தார். அண்ணன் இஸ்திரி போடவில்லை, மடித்து நாற்காலியில் வைத்துவிட்டான்.

கரண்டு நின்றது. எல்லாரும் படுத்தாயிற்று, யாரும் தூங்கவில்லை. அம்மா மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருக்கிறார், எனக்குத் தெரிகிறது. நான் சமையல் கட்டில், அடுப்புக்குப் பின்னால். மெழுகுவர்த்தியைத் தகர டப்பாவுக்குள் நிறுத்தியிருக்கிறேன்.

நாய்கள் கடைசி லயத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குரைத்துக்கொண்டு வருகின்றன. யாரோ நடந்து வருகிறார்கள். ஒருவர் இல்லை. மோட்டார் சத்தம் இல்லை. அந்தோணி அண்ணனா, மண்டோரா, வாசலில் நின்றவர்களா.

எங்கள் வீட்டு முன்னால் நின்றுவிட்டது.

தட்டுகிறார்கள். லயத்தில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

திரும்பவும்.

அப்பா எழுந்துவிட்டார். நாற்காலியில் சட்டையைத் தேடும் சத்தம். அண்ணன், "அப்பா, உக்காருங்க. நான் போய் ஆள் இல்லன்னு சொல்றேன்."

"வெலகுடா."

அம்மா அழுகிறார். அப்பா பொத்தான் போட்டுக்கொண்டே நடக்கிறார். என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், கலா, வெளக்க எடுத்துட்டு வா பாப்பா, நீயும்